அப்படியே இரு

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கப் போயிருப்பீர்கள். ஸ்டூலில் உட்காரவைத்து, 'சார், தாடையைக் கொஞ்சம் இறக்குங்க... அவ்வளவு வேணாம்... தோளை ரிலாக்ஸா விடுங்க' என்பார் ஸ்டூடியோக்காரர். 'ரிலாக்ஸ்' என்ற வார்த்தை காதில் விழுந்த அடுத்த விநாடி உங்கள் தோள்கள் இரண்டும் காதை நோக்கிக் கிளம்பியிருக்கும். அப்புறம் பத்து வருஷத்துக்கு எந்த ஏர்போர்ட்டிலும் அந்த முழிதான்.

முழு உடுப்போடு மூன்று நிமிஷ வேலைக்கே இந்தக் கதி என்றால், உடுப்பே இல்லாமல் காமிரா முன்னால் ஒரு மணி நேரம் இருக்கவேண்டியவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஆம், நியூட் போட்டோகிராபி பற்றித்தான் இந்த வாரம். பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தாலும் பயமில்லை, படம் எதுவும் போடவில்லை.

இந்த வகைப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக வெளிச்சத்தைப் பற்றி எழுதுவார்கள். வளைவு, கோடு, சிற்பம் போல இருக்கிறது, இத்யாதி. எனக்கு வரும் சந்தேகம் வேறு. ஷட்டர் விழுவதற்கு முந்தைய விநாடி போட்டோகிராபர் என்ன சொன்னார்? கையை அங்கே வை என்றாரா, முகத்தைத் திருப்பு என்றாரா, இல்லை வாயே திறக்கவில்லையா? அந்த ஒரு வாக்கியம் எப்படியோ படத்தில் பதிந்துவிடுகிறது என்பது என் கட்சி. மாடலின் கழுத்தில், விரல்களில், அடிவயிற்றில் தேடினால் அகப்படும்.

பெரும்பாலான படங்களுக்கு இது ஊகம்தான். சில படங்களுக்கு மட்டும் சாட்சி இருக்கிறது. மாடலே பிற்பாடு உட்கார்ந்து எழுதிவைத்திருக்கிறார்.

எட்வர்ட் வெஸ்டன் (1886–1958) அமெரிக்காவின் கலிஃபோர்னியாக்காரர். குடைமிளகாயைப் படம் எடுத்தே புகழ்பெற்ற மனிதர். 1930ல் ஒரு மிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து அவர் எடுத்த படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். முதல் பார்வைக்கு இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பது போலிருக்கும், இரண்டாம் பார்வைக்குத்தான் சாம்பார் ஞாபகம் வரும். மிளகாயை மாடலாக வைத்துக்கொள்வதில் பெரிய சௌகரியம் உண்டு. அதற்கு அரிக்காது, கால் மரத்துப்போகாது, மறுநாள் தொட்டுக்கொள்ளவும் ஆகும்.

1934 வாக்கில் அவருக்கு மாடலாக வந்தவர் கேரிஸ் வில்சன். 1914ல் பிறந்தவர், வெஸ்டனைவிட 28 வயது இளையவர். பிறகு காதலி, 1939ல் மனைவி, 1946ல் விவாகரத்து. 1998ல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். அதன் தலைப்பைத் தமிழில் 'இன்னொரு லென்ஸ் வழியாக' என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னாலேயே, 1977ல் வெளியான வெஸ்டனின் நியூட் படத் தொகுப்பில் இந்தப் படங்கள் உருவான விதத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். போட்டோகிராபி விமரிசனத்தில் நான் படித்த மிக உருப்படியான பக்கங்களில் அவையும் சேர்த்தி. எழுதியவர் விமரிசகர் இல்லை, படத்துக்குள் இருந்தவர் என்பதுதான் விசேஷம்.

1934ல் எடுத்த படங்கள் சின்னக் காமிராவில் எடுத்தவை. போஸ் எதுவும் கொடுக்கவேண்டாம், இஷ்டப்படி நகர்ந்துகொண்டிரு என்பதுதான் ஏற்பாடு. கண்ணுக்கு ஏதாவது பட்டால் நிறுத்தச் சொல்வார், க்ளிக். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படங்களில் பலவற்றில் தலை கிடையாது. ஒரு முதுகு, மடித்த கால், ஒரு தோளும் அதன் நிழலும். அபாரமான படங்கள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கென்னவோ அவை மிளகாயின் தொடர்ச்சியாகவே படுகின்றன. யார் உடம்பு என்று தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் படத்துக்கு இல்லை.

1936ல் கதை மாறுகிறது. இப்போது வெஸ்டனிடம் இருப்பது எட்டுக்குப் பத்து அங்குல நெகட்டிவ் போடும் பெரிய மரக் காமிரா. அதைப் பற்றி ஒரு டெக்னிக்கல் விஷயம் சொல்லவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். போட்டோகிராபர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பின்கண்ணாடியில் பிம்பத்தைப் பார்ப்பார். தலைகீழாகத் தெரியும். போகஸ் செய்து முடித்ததும் பிலிம் ஹோல்டரைச் சொருகவேண்டும். சொருகிவிட்டால் கண்ணாடி மறைந்துவிடும். ஆகவே ஷட்டரை அழுத்தும் நேரத்தில் அவருக்குக் காமிரா வழியாக ஒன்றும் தெரியாது. துணியை விட்டு வெளியே வந்து, எதிரே இருக்கும் ஆளை வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் படம் எடுக்கமுடியும். மாடலுக்கும் அப்போது எதிரே லென்ஸ் மட்டுமில்லை, ஒரு மனிதமுகம் இருக்கும்.

அந்த வருஷம் கலிஃபோர்னியா கடற்கரையில் ஓஷியானோ என்ற இடத்து மணல்மேடுகளில் அவர் மணலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வெயில் இதமாக இருக்கவே, கேரிஸ் துணிமணியைக் கழற்றிப் போட்டுவிட்டு மேட்டிலிருந்து உருண்டு விழுந்து விளையாட ஆரம்பித்தார். யாரும் சொல்லவில்லை. வெஸ்டன் காமிராவைத் திருப்பினார். மணலில் குப்புறப் படுத்திருக்கும் அந்தப் படங்கள் உலகப் பிரசித்தம். பார்த்தால் தெரியும், இது யாரோ 'படு' என்று சொல்லிப் படுத்த உடம்பு இல்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது அதே வருஷம் சான்டா மோனிகா வீட்டில் எடுத்தது. மொட்டைமாடி மாதிரியான ஒரு வெளித்தளம். கம்பளி விரித்து உட்காரவைத்து போகஸ் பார்த்த வெஸ்டன், வெயில் ஜாஸ்தி, கண் கூசுகிறது என்று சொல்லிவிட்டார். படுக்கையறை வாசலில் வெளிச்சம் கொஞ்சம் மட்டு. கேரிஸ் போய் அந்த நிலைப்படியில் உட்கார்ந்தார். பின்னால் அறையின் இருட்டு. அங்கேயும் வெயில் முகத்தில் அடித்தது. தாங்காமல் தலையைக் குனிந்துகொண்டார். அப்படியே இரு என்றார் வெஸ்டன்.

அவ்வளவுதான் டைரக்‌ஷன். கட்டிக்கொண்ட கால்களும் கவிழ்ந்த தலையுமாக, கறுப்புச் சதுரத்துக்கு முன்னால் முட்டை போல உருண்ட அந்த உருவத்தைப் பற்றி, தியானம், கருப்பை, ஆதித்தாய் என்றெல்லாம் ஏகப்பட்டது எழுதலாம். வெயில் கண்ணில் பட்டது, அதனால் குனிந்தார் என்பது சாட்சியின் வாக்குமூலம். இதைத் தெரிந்துகொண்டதால் எனக்குப் படம் குறைந்துபோகவில்லை. முகம் தெரியாவிட்டாலும் அங்கே ஒரு ஆள் இருக்கிறார் என்று முதல் தடவை பார்த்தபோதே தோன்றியதற்குக் காரணம் கிடைத்தது.

கேரிஸைப் பற்றி இன்னொன்று. 1937ல் வெஸ்டனுக்கு குகன்ஹைம் நிதி கிடைத்தது. அதைப் பெற்ற முதல் போட்டோகிராபர் அவர். அதற்கான விண்ணப்பத்தை விஸ்தாரமாக எழுதிக்கொடுத்தவர் கேரிஸ். அந்தப் பணத்தில் ஊர்சுற்றியபோது கார் ஓட்டியவரும் அவர்தான், வெஸ்டனுக்கு ஓட்டத் தெரியாது. 1940ல் வந்த பயணப் புத்தகத்தின் வாசகங்களும் அவருடையவை. பத்திரிகைகளில் வெஸ்டன் பெயரில் வந்த கட்டுரைகள் பலவற்றையும் இவரே எழுதினார். 'மாடல்' என்ற ஒற்றை வார்த்தைக்குள் இத்தனை வேலை ஒளிந்துகொள்ளும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது எதிர்ப்பக்கம். ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ், நியூயார்க்கில் நவீனக் கலையை அறிமுகப்படுத்தியவர்களில் பெரிய தலை. ஓவியர் ஜார்ஜியா ஓகீஃபை 1917 தொடங்கி 20 வருஷத்தில் 300 தடவைக்கு மேல் படம் எடுத்திருக்கிறார். நிறைய நியூட். கண்ணாடி பிளேட்டில், மூன்று நான்கு நிமிஷ எக்ஸ்போஷர். 1978ல், தன் 90வது வயதில், அந்தப் படங்களின் தொகுப்புக்கு முன்னுரை எழுதிய ஓகீஃப் எதைச் சொல்கிறார் தெரியுமா? கண் சிமிட்டக்கூடாத நேரத்தில் சிமிட்டியதை, வாய் துடித்ததை, காது அரித்ததை, கை ஓய்ந்துபோனதை. 60 வருஷம் கழித்தும் அவருக்கு அரிப்பு ஞாபகமிருக்கிறது. நீங்களும் நானும் அதே படத்தின் முன்னால் நின்று சாந்தம், சலனமின்மை என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

ஸ்டீக்லிட்ஸ் கேட்டது ஏகப்பட்டது. இவர் கொடுத்தார். படங்களில் கைகளை மட்டும் எடுத்தவை அற்புதம். அவை ஓவியரின் கைகள், தங்களை எப்படி வைத்துக்கொள்வது என்று அவற்றுக்கே தெரிந்திருக்கிறது. உடம்பு முழுவதும் இருக்கும் படங்கள் சிலவற்றில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்ட மாதிரி ஒரு விறைப்பு. 1921ல் இவற்றைக் காட்சிக்கு வைத்தபோது நியூயார்க்கில் பெரிய பரபரப்பு. ஓகீஃபின் ஓவியங்களைப் பரவலாக ஊர் பார்ப்பதற்கு முன்பே அவர் உடம்பை ஊர் பார்த்துவிட்டது. பிற்காலத்தில் அவர் பூ வரைந்தால்கூட அதில் வேறு எதையோ தேடினார்கள். அந்தத் தேடலை அவர் கடைசிவரை மறுத்துக்கொண்டே இருந்தார்.

மான் ரே விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1924ல் பாரிஸில் கிகி என்ற பெண்ணைத் தலைப்பாகையோடு திரும்பி உட்காரவைத்து, கைகளை முன்னால் மறைத்துக்கொள்ளச் சொல்லி, பிரிண்டில் முதுகின் மேல் வயலினின் இரண்டு துளைகளை வரைந்தார். கை இல்லாத முதுகு வயலின் ஆகிவிட்டது. மகா புத்திசாலித்தனம். ஜோக் போலப் புரிந்துவிடுகிறது, புரிந்ததும் முடிந்தும்விடுகிறது. கிகி 1953ல் வறுமையில் செத்துப்போனார். அந்தப் படத்தின் ஒரு பிரிண்ட் 2022ல் 12.4 மில்லியன் டாலருக்கு ஏலம் போனது.

பெண்கள் இந்தப் பக்கம் நின்றால் வேறு மாதிரி ஆகுமா? கொஞ்சம் ஆகிறது. இமோஜென் கன்னிங்ஹாம் 1915ல் தன் கணவரை ஒரு மலையில் நிர்வாணமாக நிற்கவைத்துப் படம் எடுத்தார். சியாட்டிலில் ஒரே களேபரம். நெகட்டிவ்களை 50 வருஷத்துக்கு மேல் மூட்டை கட்டி வைத்துவிட்டார். ரூத் பெர்ன்ஹார்டுக்கு 1934ல் நியூயார்க்கின் நவீனக் கலை மியூசியம் இயந்திரப் பொருள்களைப் படம் எடுக்கும் வேலை கொடுத்தது. அதில் ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரம், நம் கல்யாண வீட்டு அண்டா சைஸ். வேலை முடிந்ததும் அதற்குள் சுருண்டு படுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு தோழியை எடுத்தார். அதுதான் அவருடைய முதல் நியூட். 1962ல் ஒரு அட்டைப்பெட்டிக்குள் மாடல் நீட்டிப் படுத்திருக்கும் படமும் இவருடையதே. உடம்புக்கு உத்தரவு போடாமல் ஒரு பாத்திரத்தையோ பெட்டியையோ கொடுத்து, இதில் எப்படிப் பொருந்துவாய் பார் என்று விட்டுவிடுவது இவர் வழி. பெட்டிக்குள் எப்படி வசதியாகப் படுப்பது என்பது படுக்கிறவருக்குத்தானே தெரியும்!

இந்தத் தொழிலில் யாரும் கட்டுரையில் எழுதாத சில சங்கதிகள் உண்டு. படப்பிடிப்புக்கு வருகிறவரை சில மணி நேரம் முன்பிருந்தே இறுக்கமான உடை போடவேண்டாம் என்று சொல்லிவிடவேண்டும். எலாஸ்டிக் தடம் தோலை விட்டுச் சீக்கிரம் போகாது. அறை வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். போட்டோகிராபருக்கு வியர்த்தால்தான் மாடலுக்குச் சரியான சூடு. 'இடது' என்றால் யாருடைய இடது என்பதை முதலிலேயே பேசிவைக்கவேண்டும். எடையை ஒரு காலில் போட்டு நின்றால் இடுப்பு தானாக ஒடியும். நம் சோழர் வெண்கலங்களில் திரிபங்கம் என்பது இந்தச் சமாசாரத்தின் முற்றிய நிலைதான். கை எங்கே போவது என்று தெரியாமல் தவிக்கும், அதற்கு ஏதாவது வேலை கொடுக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று, தொடக்கூடாது. தோளைத் திருப்ப வேண்டுமா, தன் தோளைத் திருப்பிக் காட்டவேண்டும், அல்லது வாயால் சொல்லவேண்டும். ஒழுங்கான ஸ்டூடியோக்களில் கூட ஒரு துணையை அழைத்துவரலாம், எந்தப் படம் எங்கே உபயோகமாகும் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். இதெல்லாம் கலைக்குச் சம்பந்தமில்லாத ஆபீஸ் சமாசாரம் என்று நினைக்கிறவர்கள் அராக்கியைப் பற்றிப் படிக்கவேண்டும்.

நொபுயோஷி அராக்கி, ஜப்பானியர், 500 புத்தகங்களுக்கு மேல் போட்டவர். 2001லிருந்து 2016 வரை அவருக்கு மாடலாக இருந்தவர் காஓரி என்ற நடனக் கலைஞர். 'அராக்கியின் தேவதை' என்றே விமரிசகர்கள் எழுதினார்கள். 2018 ஏப்ரலில் காஓரி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஒப்பந்தம் என்று ஒன்றும் கிடையாது. பல படப்பிடிப்புகளுக்குச் சம்பளம் கிடையாது. முன்பின் தெரியாதவர்கள் எதிரே நிர்வாணமாக நிற்கவேண்டி வந்தது. படங்கள் எந்தப் புத்தகத்தில், எந்தக் கண்காட்சியில் போகின்றன என்று கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

இதைப் படித்த பிறகு அந்தப் படங்களை என்ன செய்வது? கலை வேறு, கலைஞன் வேறு என்று ஒரு தரப்பு வழக்கம்போல ஆரம்பிக்கும். கவிதைக்கு வேண்டுமானால் அது சரிவரலாம். காதலியிடம் கேட்காமலே அவளைப் பற்றி எழுதிவிடமுடியும். இங்கே எதிரே ஒருவர் நின்றாகவேண்டும். அவர் ஒப்புக்கொண்டு நிற்கிறாரா, மறுக்க வழியில்லாமல் நிற்கிறாரா என்பது படத்துக்கு வெளியே நடந்த சங்கதி இல்லை, படத்தின் மூலப்பொருளே அதுதான். கட்டுரைக்கு முன்னால் அந்தப் படங்களில் மர்மம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு பார்வை, இப்போது எனக்குக் களைப்பாகத் தெரிகிறது. நான்தான் தப்பாகப் படித்திருந்தேன். அராக்கியின் ஆகச்சிறந்த படமாக நான் நினைப்பது, 1971ல் தேனிலவில் எடுத்தது. மனைவி யோகோ ஒரு படகில் உடுப்போடு சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கிறார். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

ஸ்பென்சர் டூனிக் விஷயம் தலைகீழ். அவர் மெகாபோனில் டைரக்ட் செய்கிறவர். 2007ல் மெக்ஸிகோ நகரத்தின் பெரிய சதுக்கத்தில் சுமார் 18,000 பேர் விடியற்காலையில் துணியில்லாமல் வந்து நின்றார்கள். சல்யூட் அடிக்கச் சொன்னார், படுக்கச் சொன்னார், சுருளச் சொன்னார். கூலி, ஆளுக்கு ஒரு பிரிண்ட். நியூயார்க் தெருவில் எடுத்ததற்காக அவரைப் பலமுறை கைது செய்து, வழக்கு 2000ல் உச்சநீதிமன்றம் வரை போய் அவர் பக்கம் முடிந்தது. படம் என்று பார்த்தால் எனக்குப் பெரிதாகச் சிலாகிக்க ஒன்றுமில்லை. மேலே இருந்து பார்த்தால் கூழாங்கல் பரப்பிய மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் யாரும் பிறத்தியாரின் வற்புறுத்தலால் வரவில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, பக்கத்து ஆளைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். டூனிக்கின் பிரம்மாண்டமான பிரிண்ட்களை விட, படப்பிடிப்புக்கு நடுவே பத்திரிகைக்காரர்கள் எடுத்த அந்தச் சிரிப்புகள் மேல்.

மறுபடி சான்டா மோனிகா வாசற்படிக்கு வருகிறேன். அந்தப் படம் வெஸ்டனுக்கு முழுத் திருப்தி தரவில்லை. வலது கையில் விழுந்த நிழல் அவரைக் கடைசிவரை உறுத்திக்கொண்டே இருந்தது. கேரிஸுக்கு நிழலைப் பற்றிக் கவலையில்லை. வகிடு கோணல், ஹேர்பின் வெளியே தெரிகிறது, அதுதான் அவர் குறை. ஆபாசமான எதையும் தபாலில் அனுப்புவது அமெரிக்காவில் 1873லிருந்தே குற்றம். அந்தப் படம் எங்கேயாவது எதிர்பாராமல் கண்ணில் பட்டால் தனக்கு முதலில் ஞாபகம் வருவது வெயிலோ வாசலோ இல்லை என்கிறார் கேரிஸ். பூதக்கண்ணாடியும் கையுமாக வெஸ்டன் பிரிண்டின் மேல் குனிந்து, இரண்டொரு ரோமம் தெரிகிறதே, தபால்காரர்கள் விடுவார்களா மாட்டார்களா என்று தீவிரமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்ததுதான்.